என்னை இடித்த வண்டியின் டிரைவருக்கு

அண்ணா,

நேற்று பாலக்கோடு தக்காளி மார்க்கெட் வழியாகக் காரில் வந்தேன். மழை பெய்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. யாருடைய வண்டியிலிருந்தோ ஒரு பெட்டி சரிந்து ரோட்டில் விழுந்து, அதன்மேல் டிராக்டர் ஏறிப் போயிருந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தேன். பழுத்த தக்காளி ஈரமண்ணோடு நசுங்கினால் ஒரு புளிப்பு வாசனை வருமே, அது உள்ளே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்க வூட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, காலு வலிக்குதா?" என்றார்.

"இல்லைங்க, அண்ணன் ஞாபகம்" என்றேன்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன்கள் இருக்கிறார்கள். ஆனாலும் எந்த அண்ணன் என்று அவர் கேட்கவில்லை. எங்கள் வூட்டில் வெறுமனே அண்ணன் என்று சொன்னால் அது நீங்கள்தான்.

உங்களை நான் முதன்முதலில் பார்த்தது ரோட்டில் படுத்தபடி. அன்றைக்குக் காலையில் அங்கன்வாடிக்குப் போக டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினேன். இறங்கினதும் பஸ்ஸுக்கு முன்பக்கமாகப் போய் ரோட்டைத் தாண்டுவதுதான் எல்லாருக்கும் பழக்கம். நானும் அப்படித்தான் போனேன். உங்கள் பிக்கப் வண்டி, நின்ற பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வந்தது. இடித்தது எனக்கு நினைவில்லை. கண்ணைத் திறந்தபோது புடவையெல்லாம் சிவப்பாக இருந்தது. அவ்வளவும் என் ரத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் இந்த வாசனை வந்தது. என்னைப் படுக்க வைக்க வண்டியில் இடம் வேண்டும் என்று நீங்கள் ஏறி நின்று பெட்டி பெட்டியாகத் தக்காளியை ரோட்டில் இறக்கிக்கொண்டிருந்தீர்கள். பஸ்ஸில் வந்த ஆட்களும் கை கொடுத்தார்கள். அவசரத்தில் பாதிப் பெட்டிகள் கவிழ்ந்து, தக்காளி என் பக்கம் உருண்டு வந்தது.

என் தலைமாட்டில் நின்ற ஒருவர் தணிந்த குரலில் உங்களிடம் சொன்னார். "தம்பி, ஊரு ஆளுங்க கூடறாங்க. அடி பின்னிருவாங்க. நீ வண்டிய எடுத்துக்கிட்டு நேரா ஸ்டேசனுக்குப் போயிரு. இந்தம்மாவ ஆம்புலன்சு பாத்துக்கும்."

நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. "இவங்க கீழ கெடக்கறாங்க. இவங்கள வுட்டுட்டு நான் எங்கங்க போறது?"

வலி அப்போதுதான் தொடையிலிருந்து மேலே ஏறத் தொடங்கியது. உங்கள் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் தெரிந்தது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் தர்மபுரி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தேன்.

ஆனால் அடுத்து வந்த நாட்களில் அந்தக் குரலை நான் வெறுத்தேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள். எங்க வூட்டுக்காரர் வராண்டாவில் உங்கள் சட்டையைப் பிடித்து, "எங்க மொகத்துலயே முழிக்காத, போயிரு" என்று கத்தினது உள்ளே கட்டிலில் கிடந்த எனக்குக் கேட்டது. நீங்கள் போகவில்லை என்று நர்ஸ் சொன்னாள். மாடிப்படி ஓரமாகவே நின்றுகொண்டிருந்தீர்களாம்.

மறுநாள் அவர் போலீஸ் ஸ்டேசனுக்குப் போய்விட்டு வந்தார். வந்தவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்: "வண்டி ஓனரு அவன்கிட்ட என் காது கேக்கவே சொல்றான். பொம்பள குறுக்க ஓடியாந்துட்டாங்கன்னு சொல்லுடா, கேசு நிக்காதுங்கறான். அவன் நேரா இன்ஸ்பெக்டர் அய்யாகிட்டப் போயி, பஸ்சு நின்னுக்கிட்டு இருந்துச்சுங்க, ஆளு எறங்குவாங்கன்னு தெரியும், நான் வேகமாத்தான் வந்தேன், என் மேலதான் தப்புங்க, அப்பிடின்னு எழுதிக் குடுத்துட்டான். ஓனரு அங்கயே வண்டிச் சாவியப் புடுங்கிக்கிட்டான்."

கொஞ்சம் பொறுத்து, "அவன் பொய் சொல்லலடி" என்றார். கோபம் குறைந்த குரல் இல்லை அது. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாத குரல்.

கோர்ட்டிலும் நீங்கள் அதையேதான் சொன்னீர்கள். லைசென்சைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். அந்தக் காலத்தில்தான், நான் வூட்டுக்கு வந்து கட்டிலில் கிடந்தபோது, பஸ் பிடித்துப் பார்க்க வந்தீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமலே நின்றீர்கள். அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். என் வயதை ஒட்டிய ஆள். நல்ல உயரம். ஆனால் எங்கள் தாழ்வான வாசப்படியில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற விதத்தில் உயரமே தெரியவில்லை.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "ஏங்க அவ்வளவு வேகமா வந்தீங்க?"

மார்க்கெட்டுக்கு முதலில் போகிற சரக்குக்குத்தான் மவுசு, எல்லா டிரைவரும் அப்படித்தான் போகிறான் என்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கொஞ்சம் யோசித்துச் சொன்னீர்கள். "சரக்குக்காகன்னு சொன்னா அது பொய்யிங்க. வேகமா ஓட்டறவன்னு எனக்கு ஒரு பேரு இருந்துச்சு. அந்தப் பேரு எனக்குப் புடிச்சிருந்துச்சு."

அந்த உண்மை என்னை இன்னும் எரிய வைத்தது. குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து சோறு ஊட்டுவது என் வேலை. ஒரு கை ஊட்டும், இன்னொரு கை மூக்கைத் துடைக்கும், மடியில் ஒன்று தூங்கும். இனிமேல் தரையில் உட்கார முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். யாரோ ஒருவருக்குப் பிடித்திருந்த பேருக்காக என் மடி போய்விட்டது. "நீங்க இனிமே வர வேண்டாங்க" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

"சரிங்க டீச்சர்" என்றீர்கள். அப்புறம் வரவில்லை.

எலும்பு கூடியது. ஒரு கால் கொஞ்சம் கட்டையாகிவிட்டது. நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம் என்று மேலதிகாரி அம்மா சொன்னார்கள். எல்லாம் சரிதான், ஆனால் ரோட்டைத் தாண்ட முடியவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்குவேன். பஸ் போகும்வரை காத்திருப்பேன். ரோடு காலியாகத்தான் இருக்கும். இருந்தாலும் கால் எழும்பாது. எதிர்ப்பக்கம் அங்கன்வாடி வாசலில் பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்" என்று கத்தும். நான் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தெரிந்தவர்கள் யாராவது வந்தால் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டுவேன். இல்லாவிட்டால் நிற்கவேண்டியதுதான். வூட்டில் இதை நான் சொல்லவே இல்லை.

ஒருநாள் அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் மார்க்கெட்டில் சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு நீங்கள் வந்தீர்கள். லைசென்ஸ் திரும்பக் கிடைத்து வேறொருவரின் பிக்கப்பை ஓட்டத் தொடங்கியிருந்தீர்கள். அது எனக்குத் தெரியாது. வண்டி தூரத்திலேயே வேகம் குறைந்தது. ஓரம் கட்டவில்லை. ரோட்டிலேயே நின்றது. இண்டிகேட்டர் எல்லாப் பக்கமும் மின்னியது. நீங்கள் கையை வெளியே நீட்டிப் பின்னால் வந்த வண்டிகளை நிறுத்தினீர்கள். ஒரு லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். இறங்கிப் போய் அவரிடம் என்னவோ சொன்னீர்கள். ஹாரன் நின்றது. எதிரில் வந்த பைக்குகளையும் நிறுத்தினீர்கள். அப்புறம் ரோட்டின் நடுவில் நின்று என்னைப் பார்த்தீர்கள். கிட்டே வரவில்லை. வர வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேனே.

"நீங்க போங்க டீச்சர். பொறுமையாப் போங்க. நான் நிக்கறன்."

போனேன். இடித்த ஆள் நடுரோட்டில் காவலுக்கு நிற்க, இடிபட்டவள் நடந்து போனேன். அங்கன்வாடி வாசலை அடைந்து திரும்பிப் பார்த்தபோது நீங்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தீர்கள். லாரிக்காரர் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அவரிடம் என்னதான் சொன்னீர்கள் என்று பிற்பாடு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சிரித்து மழுப்பிவிடுவீர்கள்.

அதற்கப்புறம் நான் நிற்கிற நேரமும் உங்கள் காலி வண்டி வருகிற நேரமும் எப்படியோ ஒத்துப்போயின. உங்கள் வண்டி வராத ஒரு நாளில் நானாகவே தாண்டிப் பார்த்தேன். முடிந்தது. அதை உங்களிடம் சொல்லவேண்டும்போல இருந்தது. மறுநாள் வண்டியை மறித்துச் சொன்னேன். "நேத்து நானாவே தாண்டிட்டனுங்க." அன்றைக்குத்தான் உங்களை அண்ணா என்று கூப்பிட்டேன்.

பிறகு எங்கள் தோட்டத்துச் சாமந்திப் பூவை ஏற்றவும் உங்கள் வண்டிதான் வந்தது. எங்க வூட்டுக்காரர் முதலில் முறைத்துக்கொண்டு மூட்டையைத் தூக்கிப் போட்டவர், கொஞ்ச நாளில் உங்களோடு தோட்டத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கிறிஸ்துமசுக்கு நீங்களும் கமலா அண்ணியும் வருவீர்கள். மாரியம்மன் பண்டிகைக்கு உங்கள் வூட்டில் எங்களுக்குச் சாப்பாடு.

நீங்கள் வண்டி ஓட்டும் விதம் அப்போது ஊருக்கே பேச்சு. வண்டியில் ஏறியதும் போனை அணைத்து டேஷ்போர்டுக்குள் போட்டு மூடுவீர்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் நடையாகப் போவதுபோல வண்டி ஊரும். லோடுக்கு மேல் ஆள் ஏறி உட்கார்ந்தால் வண்டியை எடுக்கவே மாட்டீர்கள். "நான் பொறுமையாத்தான் போவேன், அதுக்குத் தகுந்தாப்பல முன்னாடியே பறிச்சு வெச்சிருங்க" என்று தோட்டக்காரர்களிடம் சொல்லிவிடுவீர்கள். சிலர் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். சிலர் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள், உங்கள் வண்டியில் பழம் நசுங்காமல் போய்ச் சேருகிறது என்று. மற்ற டிரைவர்கள் உங்கள் வேகத்துக்கு 'டீச்சர் ஸ்பீடு' என்று பேர் வைத்துவிட்டார்கள். "என்ன மாப்ள, இன்னைக்கும் டீச்சர் ஸ்பீடுதானா?" என்று மார்க்கெட்டில் கேட்பார்களாம். இதை நீங்கள் என்னிடம் சொன்னபோது முகத்தில் வெட்கம் இல்லை. புதுசாகக் கிடைத்த அந்தப் பேரும் உங்களுக்குப் பிடித்திருந்தது என்றுதான் தோன்றியது.

நமக்குள் ஒரே ஒரு தடவை சண்டை வந்தது. உங்கள் மகனுக்கு பைக் வாங்கிக் கொடுத்திருந்தீர்கள். அவன் ஹெல்மெட் போடாமல் பறக்கிறான் என்று உங்களுக்குத் தூக்கமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்த நேரம், அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தீர்கள். உட்காரவைத்து, "டீச்சர், கொஞ்சம் எந்திரிச்சு நடந்து காட்டுங்க. இவன் பாக்கட்டும்" என்றீர்கள்.

எனக்குச் சுருக்கென்றது. "என் காலு பாடப்புத்தகம் இல்லைங்கண்ணா" என்றேன்.

நீங்கள் அப்படியே உறைந்து போனீர்கள். மகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் காப்பி வைக்கப் போனேன். அடுப்படிக்கு என் பின்னாலேயே வந்து நின்று, "தப்புதாங்க டீச்சர். பயத்துல என்ன பண்றதுன்னு தெரியாம இழுத்துட்டு வந்துட்டேன்" என்றீர்கள். பிள்ளையைப் பற்றிய பயம் மட்டும் இல்லை அது என்று அப்போது புரிந்தது. அந்தப் பையன் யாரையாவது இடித்துவிட்டு, அதற்கப்புறம் உங்களைப்போல வாழ வேண்டியிருக்குமே என்கிற பயம். காப்பியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவனிடம் நானே சொன்னேன். "என்னைய வுடு. உங்கப்பாவப் பாரு. அவரு எப்பிடித் தூங்கறாருன்னு உங்கம்மாகிட்டக் கேளு." அவன் கேட்டானா என்று தெரியாது. கொஞ்ச நாளில் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். ஊருக்கு வரும்போது தலையில் ஹெல்மெட் இருந்தது.

நான் கார் ஓட்டக் கற்றது அதற்கெல்லாம் அப்புறம். எங்கள் மகன் பெங்களூரில் புது வண்டி வாங்கிக்கொண்டு பழைய காரை எங்கள் வூட்டு வாசலில் விட்டுப் போனான். எங்க வூட்டுக்காரருக்குப் பார்வை சரியில்லை. கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டு போக என் காலால் முடியாது. பாலக்கோட்டில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கிளட்ச், கியர் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு ஆளும் வண்டிக்குக் குறுக்கே வருவதுபோலவே தெரியும். வியர்த்துக் கொட்டும். ஒருநாள் உங்களிடம் சொன்னேன். "அண்ணா, வண்டி ஓட்ட வந்துருச்சு. பயம் மட்டும் போகவே மாட்டேங்குது."

"அது எதுக்குங்க போகணும்? கொஞ்சம் இருக்கட்டும்" என்றீர்கள். "எனக்கு இன்னைக்கும் இருக்குது. அது இல்லாதப்பத்தானே உங்கள இடிச்சேன்."

அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு அந்த விபத்தைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசியது அது ஒன்றுதான். மன்னித்துவிடுங்கள் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. மன்னித்துவிட்டேன் என்று நானும் சொன்னதில்லை. அதைச் சொல்லாமலே இத்தனை வருசம் ஒருவர் வூட்டில் ஒருவர் சாப்பிட்டிருக்கிறோம்.

சிறுநீரகம் கெட்டுப்போய் உங்களுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தபோது வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். மகன் ஓசூரில். அண்ணி பஸ்ஸில் அழைத்துப் போய்த் தவித்தார்கள். "நான் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று வந்து நின்றேன். நீங்கள் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னீர்கள். "என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனது நீங்கதானே" என்றேன். நீங்கள் வந்து காரில் ஏறிக்கொண்டீர்கள்.

பாப்பாரப்பட்டியைத் தாண்டித் தர்மபுரி வரைக்கும் முன் சீட்டில் நீங்கள், பின்னால் அண்ணி. நீங்கள் எனக்கு வழி சொல்லவில்லை, யோசனை சொல்லவில்லை. ஆனால் உங்கள் வலது கால் மட்டும் சும்மா இருக்காது. எதிரில் ஆடு வந்தாலும் ஆள் வந்தாலும் கீழே கிடக்கும் மிதியடியை ஒரு அழுத்து அழுத்தும். அங்கே பிரேக் இருப்பதுபோல. நான் பார்த்துச் சிரிப்பேன். பின்னாலிருந்து அண்ணி சொல்வார்கள். "பஸ்ல போனாலும் இப்பிடித்தான் டீச்சர். ஊரே தூங்கிக்கிட்டு வரும், இவரு மட்டும் கண்ணு மூடாம ரோட்டையே பாத்துக்கிட்டு வருவாரு. இன்னொருத்தர் ஓட்டற வண்டியில இவரு தூங்கி நான் பாத்ததே இல்ல."

மாதங்கள் அப்படித்தான் போயின. நீங்கள் இளைத்துக்கொண்டே வந்தீர்கள். போகும்போது கொஞ்சம் பேசுவோம். வரும்போது உங்களுக்குப் பேசத் தெம்பு இருக்காது. கால் மட்டும் மிதியடியை அழுத்திக்கொண்டே வரும்.

ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். நல்ல வெயில். ரோட்டில் கேழ்வரகு காயப்போட்டிருந்தார்கள். ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து ஓரமாகப் போனேன். எதிரில் ஒரு டிராக்டர் வந்தது. நின்று வழிவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன், உங்கள் கால் அசையவே இல்லை. திரும்பிப் பார்த்தேன். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

பின்னாலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார்கள். "டீச்சர்," என்று காதோடு சொன்னார்கள், "தூங்கிட்டாருங்க."

அன்றைக்கு நான் ஓட்டியதுபோல வாழ்நாளில் ஓட்டியதில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் காரைக் கையில் ஏந்தி இறக்குவதுபோல இறக்கினேன். ஹாரன் அடிக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் முந்திப் போகட்டும் என்று விட்டேன். உங்கள் வூட்டு வாசல் வந்தும் எழுப்ப மனசு வரவில்லை. வேப்பமர நிழலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து நீங்களாகவே விழித்தீர்கள். சுற்றிலும் பார்த்தீர்கள். "வந்துட்டமா? ஏன் டீச்சர் எழுப்பல?"

"அவசரமா எங்கண்ணா போகணும்?"

சிரித்தீர்கள். "நல்லாத் தூங்கிட்டனுங்க" என்றீர்கள், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல ஆச்சரியமாக. பிறகு கதவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தீர்கள். நாம் சொல்லாமல் விட்டதெல்லாம் அந்த மரத்தடியில் தானாகவே பேசி முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. உங்களுக்கும் தோன்றியிருக்கும்.

அடுத்த மழைக்காலத்தை நீங்கள் பார்க்கவில்லை. மகன் வந்து கொள்ளி வைத்தான். நான் பெண்களோடு தள்ளி நின்றேன். என்ன உறவு என்று யாரோ கேட்டதற்கு அண்ணிதான் பதில் சொன்னார்கள். "எங்க நாத்தனாரு."

இப்போதும் கார் எடுக்கிறேன், அண்ணா. கேஸ் சிலிண்டருக்கு, பூசைக்கு, தடுப்பூசி நாளில் தாய்மார்களை அழைத்து வர. சில நாள் பக்கத்துச் சீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அப்போதும் அங்கே ஒருவர் என்னை நம்பிக் கண்ணை மூடித் தூங்குகிறார் என்று வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன். எழுப்பிவிடாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள்,
டீச்சர்